மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்

அம்மா,

போன மாதம் நாகர்கோவிலில், ஒரு ஆஸ்பத்திரியின் பழைய கோப்புக்குள் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஓரம் பழுத்த தாளில் நீல மையால் எழுதிய ஒரே வரி. 'ள' எழுதும்போது சுழியை ஒரு சுற்று கூடுதலாகப் போடுவாயே, அது அப்படியே இருந்தது. நீ போன இந்த இரண்டு வருடத்தில் உன் சேலையைத் தொட்டால்கூட எனக்கு அழுகை வந்துவிடும். அந்த எழுத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் வரியை வாசித்தேன்.

"மகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்."

நான் அங்கே போனது உன் பேத்திக்காக. அவளுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. எனக்கும் அவள் தாய்மாமனுக்கும் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்த வீடு என்பதால், அவளுக்கும் ஏதாவது பார்த்து வைக்க வேண்டுமா என்று கேட்கத்தான் தம்பி காட்டுகிற டாக்டரிடம் போனேன். நீ அறிந்த பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இருப்பவர் என்னைவிட இளைய பெண். தம்பியின் கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"அக்கா, உங்க ரிப்போர்ட்டும் ஒண்ணு இதுக்குள்ள இருக்கே. இந்த டெஸ்ட்ட நீங்க பதினேழு வயசிலயே எடுத்திருக்கிய."

"நானா? இல்ல டாக்டர். வேற யாருதாவது மாறி வந்திருக்கும்."

அவர் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். என் பெயர், அப்பாவின் பெயர், கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டு விலாசம். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி: உண்டு. அதன் கீழே பெரிய டாக்டரின் குறிப்பு. இந்தப் பெண்ணுக்கும் பின்னால் சர்க்கரை வரலாம், வராமலும் போகலாம், தாயிடம் விளக்கிச் சொல்லப்பட்டது, அறிகுறிகளைப் பெண்ணிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழேதான் உன் வரியும் கையொப்பமும்.

ஆன்டிபாடி என்றால் என்ன என்று அந்தப் பெண் டாக்டர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி, ஏதோ ஒரு நாள், உடம்பின் சொந்த அணுக்களையே பகையென்று எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை ஏறுவதற்கு வருடக்கணக்குக்கு முன்பே அந்த வேலை உள்ளே தொடங்கிவிடும். ஆள் ஓடி ஆடி நடப்பார், ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் மட்டும் அதன் தடம் கிடக்கும். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துவிட்டு, கோப்பை மறுபடியும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

நீ என் ரத்தம் எடுக்கக் கூட்டிப்போன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தம்பிக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஒரு மாதம் இருக்கும். அவனுக்குப் பதினொரு வயது. எலும்பும் தோலுமாகப் போனவனை நீ தோளில் போட்டுக்கொண்டு எஸ்டேட் பஸ்ஸில் ஏறினாய். திரும்பி வந்தபோது ஊசி போடத் தெரிந்தவளாக வந்தாய். அவனுக்கு வலிக்கக் கூடாது என்று முதல் வாரம் முழுவதும் வெறும் ஊசியை உன் தொடையில் குத்திக் குத்திப் பழகினாய். நம் லைன் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது. மண்பானையில் ஈர மணல் நிறைத்து அதற்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்தாய். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள், அவனுக்கு ஊசி போட மட்டும் காட்டிலிருந்து ஓடி வந்துவிட்டுத் திரும்ப ஓடுவாய். நீ அவனைக் காப்பாற்றினாய். அதை நான் எங்கேயும் மறுத்துச் சொல்லமாட்டேன்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாய்.

"வெளுத்துப் போய் இருக்க மக்கா. ரத்தம் கொறவா இருக்கும். ஒருக்கா எடுத்துப் பாப்போம்."

ரத்தம் எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். ரத்தக்குறைவு பார்க்க எதற்கு அவ்வளவு தூரம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்து நீ மட்டும் போய் வந்தாய். கையில் எனக்கு ஒரு சுடிதார் துணி. ஒரு பை நெல்லிக்காய்.

"ரத்தம் எல்லாம் நல்லாதான் இருக்கு. தெனம் ரெண்டு நெல்லிக்கா தின்னா போரும்."

ஒரு மாதம் தினமும் தின்றேன் அம்மா. நீ எதிரில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் தக்கலையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் ஏசி மெக்கானிக் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, காப்பி கொடுத்து முடிக்குமுன் மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீயே பேச்சை எடுத்தாய்.

"மைனி, ஒரு காரியம் சொல்லிப் போடுகேன். என் மவனுக்குச் சின்ன வயசிலேயே சுகர் உண்டு. தெனம் நாலு ஊசி. அத மறச்சு வச்சு பெண்ணக் கெட்டிக் குடுக்க எனக்கு மனசில்ல."

மாமி உன் கையைப் பிடித்துக்கொண்டார். "உள்ளத உள்ளபடி சொல்ற ஆள இப்பம் எங்க பாக்க முடியும்? பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. ரத்தம் எல்லாம் அன்னைக்கே பாத்தாச்சு."

ரத்தம் பார்த்தது உண்மை. அந்த உண்மையை வைத்தே நீ பொய்யைச் சொன்னாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அன்று உன்னை நினைத்து அத்தனை பெருமை. சபையில் பிறகு எத்தனை பேர் அதை எடுத்துச் சொன்னார்கள். உன் அடக்கத்தின்போது போதகர்கூட உன் நேர்மையைப் பற்றித்தான் பேசினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் வயிற்றில் பிள்ளை. ஐந்தாம் மாதம் நீ தக்கலைக்கு என்னைப் பார்க்க வந்தாய். நேந்திரங்காய் வற்றல் கொண்டு வந்திருந்தாய். நான் உன்னிடம் பேசிக்கொண்டே ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து முடித்தேன். எழுந்துபோய் இன்னொரு செம்பு கோரி வந்து குடித்தேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாய்.

"ராத்திரி எத்தன மட்டம் எந்திக்க?"

"நாலஞ்சு மட்டம். வயித்துல பிள்ள இருந்தா அப்படித்தான்னு மாமி சொன்னாவ."

நீ என் தோளைத் தொட்டுப் பார்த்தாய். கழுத்தெலும்பைத் தடவினாய். அன்றைக்கு அது பாசம் என்று நினைத்தேன். அடுக்களைக்குப் போய் மாமியிடம் கேட்டாய்.

"மைனி, ஒருக்கா இவளுக்குச் சுகர் பாத்தா என்ன?"

"மூணாம் மாசம் பாத்தாச்சு மைனி. ஒண்ணும் இல்ல. ஆறாம் மாசம் மறுபடியும் பாக்கச் சொல்லியிருக்காவ. இனி மூணு வாரம்தானே."

"அப்பம் சரி."

அந்த இரண்டு சொல்லை மனதுக்குள் எத்தனை முறை கேட்டுவிட்டேன் இந்த ஒரு மாதத்தில். நான்கு மணி பஸ்ஸைப் பிடித்து நீ போய்விட்டாய். ஏறும்போது திரும்பிப் பார்த்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பஸ் எடுத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் நான் விழுந்தேன். இரண்டு நாள் வாந்தி, மசக்கை திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தோம். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி; சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததாம். எனக்கு நினைவு திரும்பியபோது கையில் மூன்று ஊசி, வயிறு தட்டையாக இருந்தது. யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வார்டுக்கு மாற்றிய அன்று மாமி வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, என்னைப் பார்க்காமல், உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"மைனி, தம்பிக்கு உண்டுன்னு சொன்னிய. இவளுக்கும் வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா? நோய மறச்சுக் கெட்டிக் குடுத்துட்டியளா?"

நான்தான் பேசினேன். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத நான்.

"எங்க அம்மையப் பாத்தா அப்படியா தோணுகு மாமி? மறைக்கத் தெரிஞ்சவ தம்பி காரியத்த ஒங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? கர்த்தர் சாட்சி, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

'எங்களுக்கு' என்று சொன்னேன். கர்த்தரைச் சாட்சிக்கு இழுத்தேன். நீ என் தலைமாட்டில் நின்று போர்வையை இழுத்து என் காலை மூடினாய். மூடியிருந்த காலையே மறுபடியும் மூடினாய்.

துபாயிலிருந்து அத்தான் லீவு போட்டு வந்து என் பக்கம்தான் நின்றார். வேறு யாராக இருந்தாலும் அன்றோடு என் வாழ்வு முடிந்திருக்கும். அதன்பிறகு எனக்கு ஊசி, அளவு, சாப்பாட்டு நேரம் எல்லாம் கற்றுக் கொடுத்தது நீதான். தம்பி காட்டுகிற டாக்டரிடமே நானும் போகிறேன் என்றபோது, "அங்கக் கூட்டம் கூடுதல் மக்கா, ஒனக்கு இங்கப் பக்கத்துலயே போரும்" என்று தடுத்தாய். இப்போது அதுவும் புரிகிறது. மூன்று வருடம் கழித்து மகள் பிறந்தாள். மாமியிடம் மட்டும் நான் பன்னிரண்டு வருடமாகத் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. என் தாயைப் பழித்தவர் அல்லவா.

கோப்பைப் பார்த்த அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பூதப்பாண்டிக்குப் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். நான் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு இரண்டாவது அடி.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்பம் அம்மா சொன்னா. எனக்கு அப்பம் பதினெட்டு வயசு."

"பன்னெண்டு வருசம், ஏலே. ஒருநாள்கூட எங்கிட்டச் சொல்லத் தோணல்லியா?"

அவன் ஊசியை மூடி வைத்தான். "அன்னைக்கே சொல்லதுக்குத்தான் எந்திச்சேன். அம்மா கையப் புடிச்சிட்டா. 'அவளுக்குப் பிள்ள போச்சு. இதச் சொன்னா தாயும் போயிருவா. இப்பம் அவளுக்கு ஒரு தாய் வேணும் மக்கா'ன்னு சொன்னா."

"எனக்காவ மறச்சாளாக்கும்."

"அவளுக்காவவும்தான்க்கா" என்றான்.

அம்மா, பதினேழு வயதில் நீ மறைத்ததை என்னால் புரிந்துகொள்ள முடியும். ஒரு பிள்ளை ஊசியோடு வீட்டில் இருக்கிறான். இன்னொன்றுக்கும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். நீ 'வராமலும் போகலாம்' என்பதைப் பிடித்துக்கொண்டாய். கல்யாணப் பேச்சில் சொன்ன பொய்யைக்கூட, வேறு வழி தெரியாத தாய் என்று விட்டுவிடலாம். என்னால் முடியாதது அந்த நான்கு மணி பஸ். என் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாயே. தம்பியை அந்தத் தாகத்தோடு பார்த்தவள் நீ. உனக்கு அன்று சந்தேகம்கூட இல்லை, தெரியும். என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக நீ ஒரு காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் உன் பொய்யைக் காட்டிக் கொடுத்துவிடும். என் பிள்ளைக்கும் உன் பெயருக்கும் நடுவில் நின்று நீ "அப்பம் சரி" என்றாய்.

மறுநாள் காலையில் மாமி வீட்டுக்குப் போனேன். சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க கேட்டது சரிதான். எங்க அம்மைக்குத் தெரியும்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். செத்தவளைத் திட்டுவார், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன்.

"அவ ஒருக்கா சுகர் பாக்கச் சொன்னா பிள்ளே" என்றார். "மூணு வாரம் இருக்குன்னு நாந்தானே சொன்னேன். அன்னைக்குப் பாத்திருந்தா பிள்ள கெடச்சிருக்கும். ஒன் மூஞ்சியப் பாக்கும்போ எல்லாம் அதுதான் எனக்கு. நீ பேசாம இருந்ததும் அதுக்குத்தான்னு நெனச்சேன்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் அம்மா. உன் குற்றத்தை அந்தப் பெண் தன்னுடையது என்று சுமந்திருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ வந்து அவர் எதிரில் உட்கார்ந்து அச்சுமுறுக்கு தின்றாய். ஒரு சொல்லில் அவர் சுமையை நீ இறக்கி விட்டிருக்கலாம். நான் ஏமாந்தது போகட்டும், நான் உன் மகள். அவர் உனக்கு என்ன செய்தார்?

அன்று சாயங்காலம் வரை மாமியும் நானும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். நான் கிளம்பும்போது, "ஊசி நேரம் ஆச்சுல்லா, போ" என்றார்.

இனி உன் பேத்தி. அத்தான் போனில், "தெரிஞ்சு என்ன செய்யப் போற? வந்தா பாத்துக்கலாம்" என்றார். நான் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கும்போது எதற்கு என்று அவள் கேட்டாள். "மாமாவுக்கும் எனக்கும் உள்ளது ஒனக்கும் வருமான்னு பாக்கதுக்கு" என்றேன். நெல்லிக்காய்க் கதை எதுவும் சொல்லவில்லை. நான் உன்னைப்போல் இல்லை என்று எனக்கு ஒரு நிமிர்வு.

திங்கட்கிழமை முடிவு வந்தது. இப்போது ஆன்டிபாடியில் மூன்று நான்கு வகை பார்க்கிறார்கள். ஒரு வகை மட்டும் இருந்தால் வராமலே போகவும் வாய்ப்பு உண்டு, இரண்டு இருந்தால் என்றைக்காவது வந்தே தீரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவளுக்கு இரண்டு இருந்தது.

"தள்ளிப் போடுகதுக்கு வெளிநாட்டுல மருந்து வந்திருக்கு, இங்கக் கெடைக்கது கஷ்டம்" என்றார் டாக்டர். "ஆனா அக்கா, ஒங்களுக்கு நடந்த மாதிரி இவளுக்கு நடக்காது. மூணு மாசத்துக்கு ஒருக்கா சுகர் பாப்போம். தாகம், மெலிச்சல் இதெல்லாம் என்னன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கணும். சொல்லிருங்க."

"சொல்லிருகேன்" என்றேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு அவள் ஓடி வந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அத்தான் போனில் கேட்டபோது, "இன்னும் வரல்ல" என்றேன். எவ்வளவு இலகுவாக வந்தது அந்தப் பொய். செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பரீட்சை. புதன்கிழமை நல்ல சிரிப்போடு இருந்தாள். வியாழக்கிழமை அவள் தண்ணீர் குடிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்ளரை வைத்துவிட்டு, "ஏம்மா இப்படிப் பாக்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன். சொன்ன குரல் என்னுடையது இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். தாளைக் காட்டினேன். அவள் பெயரை அவளே வாசித்தாள்.

"மாமாவப் போல எனக்கும் ஊசி போடணுமா?"

"இப்பம் இல்ல. பொறவு வேண்டி வரும். என்னைக்குன்னு தெரியாது."

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும்."

அவள் தாளின் மேல் இருந்த தேதியைப் பார்த்தாள். "இது எப்பம் வந்துது?"

"திங்கக்கெழம."

"இன்னைக்கு வெள்ளியாச்சே. அன்னைக்கே ஏன் சொல்லல்ல?"

நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. என் மகள் என்னிடம் கேட்டுவிட்டாள். பரீட்சை என்று சொல்லலாம், அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"பயந்துட்டேன் மக்கா" என்றேன்.

அவள் தாளை மடித்து என் கையில் வைத்தாள். "சரி. இனிமே அன்னைக்கே சொல்லணும்" என்றாள். நான் சரி என்றேன்.

இன்னும் நான் உன்னை மன்னிக்கவில்லை, அம்மா. உன்னை மறக்கவும் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை என்று மட்டும் அன்று தெரிந்தது. பயந்துட்டேன் மக்கா என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். என் பிள்ளை போன பிறகு சொல்லியிருந்தாலும் போதும். எனக்கு உன்மேல் வெறுப்பு வந்திருக்கும், பேசாமல் இருந்திருப்பேன், ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்துத் திரும்ப வந்திருப்பேன். நான் வரமாட்டேன் என்று நீயே முடிவு செய்துவிட்டாய்.